கம்பெனி ஆள் சொன்னார், கம்பெனி கட்டுப்படுமா?

ஏஜென்ட், மேனேஜர், செக்ரட்டரி, சேல்ஸ் எக்ஸிக்யூட்டிவ்... நாம் தினமும் ஒரு நிறுவனத்தின் 'ஆட்களோடு'தான் கொடுக்கல் வாங்கல் செய்கிறோம். அவர்கள் தரும் வாக்குக்கு அந்த நிறுவனம் எப்போது பொறுப்பேற்கும், எப்போது கைகழுவும்?

1987 ஜூன் 4. எல்.ஐ.சி. ஏஜென்ட் ஒருவர் தன் பாலிசிதாரரைச் சந்திக்கிறார். அந்தப் பாலிசிதாரருக்குத் தலா 25,000 ரூபாயில் நான்கு பாலிசிகள். விபத்தில் உயிர் போனால் இரட்டிப்புத் தொகை. மார்ச் மாதமே கட்டியிருக்க வேண்டிய அரையாண்டு பிரீமியம் பாக்கி நிற்கிறது. பாலிசிதாரர் 2,730 ரூபாய்க்கு ஒரு பேரர் செக் எழுதி ஏஜென்ட்டிடம் கொடுக்கிறார். பாலிசி போட்டுக் கொடுத்தவரே அவர்தானே!

மறுநாளே அந்தச் செக்கை ஏஜென்ட்டின் மகன் வங்கியில் கொடுத்துப் பணமாக்கிவிட்டார். ஆனால், பணம் எல்.ஐ.சி. கவுன்டருக்குப் போய்ச் சேரவில்லை. ஜூன் கழிந்தது. ஜூலையும் கழிந்தது. ஆகஸ்ட் 9-ஆம் தேதி பாலிசிதாரர் விபத்தில் சிக்கி இறந்துபோனார். ஆகஸ்ட் 10-ஆம் தேதி அதே 2,730 ரூபாயை ஏஜென்ட் எல்.ஐ.சி.யில் கட்டினார்.

குடும்பம் பணம் கேட்டது. "இறந்த தேதியில் பாலிசி காலாவதி" என்று எல்.ஐ.சி. கைவிரித்தது. வழக்கு நுகர்வோர் மன்றங்களைத் தாண்டி உச்ச நீதிமன்றம் வரை போனது. 1997-ல் தீர்ப்பு வந்தது: எல்.ஐ.சி. பணம் தர வேண்டியதில்லை. 1972-ஆம் ஆண்டின் ஏஜென்ட் ஒழுங்குமுறை விதிகளில், பணம் வசூலிக்க ஏஜென்ட்டுக்கு அதிகாரம் இல்லை என்று தெளிவாக எழுதியிருக்கிறது. அது அரசிதழிலும் வெளியாகியிருக்கிறது. 'எங்கள் ஏஜென்ட்டிடம் பிரீமியம் கட்டலாம்' என்று மக்கள் நம்பும்படி எல்.ஐ.சி. நடந்துகொண்டதற்கும் சாட்சியம் இல்லை. இதுதான் நீதிமன்றம் சொன்ன காரணம்.

சட்டப்படி பார்த்தால் தர்க்கம் சரிதான். ஆனால், அரசிதழை வாங்கிப் படித்துவிட்டு ஏஜென்ட்டிடம் செக் கொடுத்த பாலிசிதாரர் இந்த நாட்டில் யாராவது உண்டா?

இரண்டே ஆண்டில் இன்னொரு தீர்ப்பு

1999-ல் அதே உச்ச நீதிமன்றத்தின் முன்னால், அதே எல்.ஐ.சி. இந்த முறை வழக்கில் தனி ஏஜென்ட் யாரும் இல்லை. டெல்லி மின் விநியோக நிறுவனத்தில் வேலை பார்த்த ஒருவர், 'சம்பளச் சேமிப்புத் திட்ட'த்தில் பாலிசி எடுத்திருந்தார். பிரீமியத்தை மாதா மாதம் சம்பளத்தில் பிடித்து எல்.ஐ.சி.க்கு அனுப்ப வேண்டியது நிறுவனத்தின் வேலை. நிறுவனம் அனுப்பத் தவறியது. ஊழியர் இறந்தார். மனைவி பணம் கேட்டபோது, 'பிரீமியம் வரவில்லை' என்றது எல்.ஐ.சி.

எல்.ஐ.சி.யின் கையில் ஒரு கடிதம் இருந்தது. 'இந்தத் திட்டத்தில் வேலை கொடுப்பவர் ஊழியருக்குத்தான் ஏஜென்ட், எல்.ஐ.சி.க்கு அல்ல' என்று நிறுவனமும் எல்.ஐ.சி.யும் தங்களுக்குள் எழுதிக்கொண்ட ஏற்பாடு அது. உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. அப்படியோர் ஏற்பாடு இருப்பது ஊழியருக்குத் தெரியாது. அவருக்குத் தெரிந்ததெல்லாம், எல்.ஐ.சி. வகுத்த திட்டத்தில், எல்.ஐ.சி. சொன்ன வழியில், சம்பளத்தில் பணம் பிடிக்கப்படும் என்பதுதான். ஆகவே நிறுவனம் எல்.ஐ.சி.யின் ஏஜென்ட் என்றே கொள்ள வேண்டும், விதவைக்குப் பணம் தர வேண்டும் என்றது தீர்ப்பு. 2005-ல் இதே போன்ற இன்னொரு வழக்கிலும் உச்ச நீதிமன்றம் இந்த நிலைப்பாட்டை உறுதி செய்தது.

இரண்டு வழக்கிலும் இறந்தவர்கள் பிரீமியம் போய்ச் சேர்ந்துவிடும் என்று நம்பியவர்கள். இரண்டிலும் இடையில் இருந்தவர்தான் பணத்தை உரிய இடத்தில் சேர்க்கவில்லை. ஒரு குடும்பத்துக்குப் பணம் கிடைத்தது, இன்னொன்றுக்குக் கிடைக்கவில்லை. இந்த வித்தியாசத்துக்குள்தான் 'தோற்ற அதிகாரம்' என்று சட்டம் சொல்லும் விஷயம் முழுவதும் அடங்கியிருக்கிறது. சம்பளச் சேமிப்புத் திட்டத்தில் அந்த நம்பிக்கையை ஏற்படுத்தியது எல்.ஐ.சி. வகுத்த திட்டம். ஏஜென்ட் வழக்கில் அதை ஏற்படுத்தியது ஏஜென்ட் மட்டுமே என்று நீதிமன்றம் கருதியது.

[பெட்டி]
சட்டம் என்ன சொல்கிறது?

இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872
பிரிவு 237: ஏஜென்ட் அதிகாரம் இல்லாமல் ஒன்றைச் செய்தாலும், 'அவருக்கு அதிகாரம் உண்டு' என்று வெளியார் நம்பும்படி முதலாளி தன் சொல்லாலோ நடத்தையாலோ செய்திருந்தால், முதலாளி கட்டுப்பட வேண்டும். சட்டமே தரும் உதாரணம்: சரக்கை விற்கச் சொல்லி ஒருவரிடம் ஒப்படைக்கிறீர்கள். 'இந்த விலைக்குக் கீழே விற்காதே' என்று அவரிடம் மட்டும் சொல்கிறீர்கள். அது தெரியாத ஒருவர் குறைந்த விலைக்கு வாங்க ஒப்பந்தம் செய்தால், அந்த ஒப்பந்தம் உங்களைக் கட்டுப்படுத்தும்.
பிரிவு 208: ஏஜென்ட்டை நீக்கினாலும், அந்தச் செய்தி வெளியாருக்குத் தெரியும்வரை, அவர்களைப் பொறுத்தமட்டில் அவர் ஏஜென்ட்தான்.
பிரிவு 235: இல்லாத அதிகாரத்தை இருப்பதாகச் சொல்லி ஏமாற்றியவரிடமே நஷ்டஈடு கேட்கலாம்.

கம்பெனிகள் சட்டம், 2013
பிரிவு 176: இயக்குநரின் நியமனத்தில் குறை இருப்பது பிற்பாடு தெரியவந்தாலும், அதற்கு முன் அவர் செய்தவை செல்லும்.
பிரிவு 180(5): பங்குதாரர்கள் விதித்த வரம்பை மீறிக் கம்பெனி கடன் வாங்கினால், வரம்பு மீறப்பட்டது தனக்குத் தெரியாது, நல்லெண்ணத்தில்தான் கொடுத்தேன் என்று கடன் கொடுத்தவர் நிரூபித்தால்தான் அந்தக் கடன் செல்லும்.
[பெட்டி முடிந்தது]

எம்.டி. ஆகாத எம்.டி.

தோற்ற அதிகாரக் கோட்பாட்டைப் படிக்கும் ஒவ்வொரு சட்ட மாணவரும் சந்திக்கும் பெயர் கபூர். இங்கிலாந்தில் பக்ஹர்ஸ்ட் பார்க் என்ற எஸ்டேட்டை வாங்கி விற்பதற்காக கபூரும் ஹூனும் ஒரு கம்பெனி தொடங்கினார்கள். நான்கு இயக்குநர்கள். நிர்வாக இயக்குநரை நியமிக்க கம்பெனி விதிகளில் இடம் உண்டு, ஆனால் யாரையும் நியமிக்கவில்லை. ஹூன் பெரும்பாலும் வெளிநாட்டில் இருந்தார். அன்றாட வேலைகளை கபூர்தான் பார்த்தார், மற்றவர்களும் அதைத் தெரிந்தே விட்டுவிட்டார்கள். கபூர் ஒரு கட்டட வரைவாளர் நிறுவனத்தை அமர்த்தினார். அவர்கள் வேலையை முடித்து 291 பவுண்ட் கட்டணம் கேட்டார்கள். 'கபூர் எங்கள் எம்.டி. இல்லையே, அவரை யார் உங்களை அமர்த்தச் சொன்னது?' என்றது கம்பெனி.

1964-ல் வந்த தீர்ப்பில் நீதிபதி டிப்லாக் வகுத்துத் தந்த அளவுகோலைத்தான் இன்றும் நீதிமன்றங்கள் கையில் எடுக்கின்றன. எம்.டி. செய்யும் வேலைகளை கபூர் செய்ய, இயக்குநர் குழு பார்த்துக்கொண்டு சும்மா இருந்தது. வெளியாருக்கு அதுவே கம்பெனி காட்டிய தோற்றம். எம்.டி. ஒருவர் வழக்கமாகச் செய்யக்கூடிய காரியத்தை கபூர் செய்திருக்கிறார், வரைவாளர்களும் அதை நம்பித்தான் வேலை செய்தார்கள். ஆகவே கம்பெனி பணம் தர வேண்டும்.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. 'நான்தான் எம்.டி.' என்று கபூர் சொல்லிக்கொண்டது கம்பெனியைக் கட்டிப்போடவில்லை. கம்பெனியின் மௌனம்தான் கட்டிப்போட்டது.

இதற்கு நேர் எதிரான ஒரு வழக்கு 1986-ல் பிரிட்டிஷ் பிரபுக்கள் சபைக்கு வந்தது. 'ஓஷன் ஃப்ராஸ்ட்' என்ற கப்பலை முண்டோகாஸ் நிறுவனம் அர்மகாஸ் நிறுவனத்துக்கு விற்றது. அந்தக் கப்பலை முண்டோகாஸே மூன்று ஆண்டுக்கு வாடகைக்குத் திரும்ப எடுத்துக்கொள்ளும் என்று அதன் துணைத் தலைவர் ஒருவர் கையெழுத்துப் போட்டார். பின்னணியில் லஞ்சம் இருந்தது. அவ்வளவு நீண்ட ஒப்பந்தம் போட அவருக்குப் பொதுவாக அதிகாரம் கிடையாது என்பது எதிர்த்தரப்புக்கே தெரியும். 'மேலிடத்தில் தனியாக அனுமதி வாங்கிவிட்டேன்' என்று அவர் சொன்னதை நம்பினார்கள். நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. தன் அதிகாரத்துக்குத் தானே சாட்சி சொல்லும் ஏஜென்ட்டை நம்புகிறவர், அவருடைய கம்பெனியைக் குறைசொல்ல முடியாது.

நம் ஊர் வியாபாரத்தில் தினமும் காதில் விழும் வாக்கியம் இது: "எம்.டி.கிட்ட பேசிட்டேன் சார், நீங்க சரக்கை ஏத்துங்க." சரக்கை ஏற்றுவதற்கு முன்னால், அந்த எம்.டி.யோ, கம்பெனியின் அதிகாரப்பூர்வ மின்னஞ்சலோ அதையே ஒரு வரியில் உறுதி செய்திருக்க வேண்டும். அப்படி இல்லாவிட்டால், உங்கள் நம்பிக்கைக்கு ஆதாரம் பேசியவரின் வாய் மட்டும்தான்.

பதவியும் ஒரு தோற்றம்

கம்பெனி ஒருவருக்கு ஒரு பதவியைக் கொடுத்து உட்கார வைத்தால், அந்தப் பதவிக்கு வழக்கமாக உள்ள அதிகாரமும் அவருக்கு உண்டு என்று வெளியார் நம்பலாம். ஆனால், எந்தப் பதவிக்கு எவ்வளவு அதிகாரம் என்பது காலத்தோடு மாறும். 1887-ல் ஓர் ஆங்கில நீதிமன்றம், கம்பெனி செக்ரட்டரி வெறும் ஊழியர், அவர் சொல்லை நம்பி எதையும் செய்ய முடியாது என்றது. 1971-ல் காட்சி மாறியது. ஒரு துணி நிறுவனத்தின் செக்ரட்டரி, கம்பெனி வேலைக்கு என்று சொல்லி ரோல்ஸ் ராய்ஸ், ஜாகுவார் கார்களை வாடகைக்கு எடுத்து, தன் சொந்தக் காரியத்துக்கு ஓட்டினார். வாடகையைக் கம்பெனி தர மறுத்தது. அந்தக் காலம் போய்விட்டது, இன்றைய செக்ரட்டரி நிர்வாகத்தின் முக்கிய அதிகாரி, கார் அமர்த்துவதெல்லாம் அவர் வேலைக்குள் அடங்கும் என்றார் லார்ட் டென்னிங். கம்பெனி பணம் கட்டியது.

கார் வாடகை ஒரு செக்ரட்டரியின் எல்லைக்குள் வரும். கம்பெனியின் நிலத்தை விற்பது வருமா? 1942-ல் அவத் நீதிமன்றத்துக்கு வந்த வழக்கில், ஒரு கம்பெனியின் கணக்காளர் அதன் சொத்தை ஒருவருக்கு எழுதிக் கொடுத்துவிட்டார். கணக்குப் பார்ப்பவர் சொத்து விற்கிறார் என்றால் வாங்குபவருக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டாமா, அவரிடம் பவர் பத்திரத்தையாவது கேட்டிருக்க வேண்டாமா என்றது நீதிமன்றம். பரிமாற்றம் செல்லாமல் போனது. காரியம் பெரிதாகப் பெரிதாக, கேள்வி கேட்க வேண்டிய கடமையும் வெளியாருக்குக் கூடுகிறது.

கதவுக்கு உள்ளே நடப்பது

1856-ல் லண்டனில் வந்த ஒரு தீர்ப்புக்கு இன்றும் நம் நீதிமன்றங்களில் மரியாதை உண்டு. ராயல் பிரிட்டிஷ் வங்கியிடம் ஒரு நிலக்கரி, ரயில் பாதைக் கம்பெனி 2,000 பவுண்ட் கடன் வாங்கியது. பத்திரத்தில் முத்திரை இருந்தது, இரண்டு இயக்குநர்களின் கையெழுத்தும் இருந்தது. பிறகு கம்பெனி தரப்பு, 'கடன் வாங்கப் பங்குதாரர் கூட்டத்தில் தீர்மானம் போட வேண்டும், நாங்கள் போடவில்லை, ஆகவே கடன் செல்லாது' என்றது. நீதிமன்றம் சிரமமில்லாமல் விடை சொன்னது. தீர்மானம் போட்டால் கடன் வாங்கலாம் என்று விதியில் எழுதியிருக்கிறது. போட்டார்களா இல்லையா என்பது உள்விவகாரம். போட்டிருப்பார்கள் என்று வெளியார் எடுத்துக்கொள்ளலாம். இதுதான் உள்நிர்வாகக் கோட்பாடு.

1957-ல் அலகாபாத் உயர் நீதிமன்றத்தில் இதே கதை வேறு பெயர்களில் வந்தது. லட்சுமி ரத்தன் பஞ்சாலைக்காக ஓர் இயக்குநர் ஜே.கே. சணல் ஆலையிடம் ஒன்றரை லட்ச ரூபாய் கடன் வாங்கினார். அவருக்கு அதிகாரம் கொடுத்துத் தீர்மானம் இல்லை என்றது பஞ்சாலை. விதிகளில் அப்படி அதிகாரம் கொடுக்க இடம் இருந்ததால், கொடுத்திருப்பார்கள் என்று நம்பியது தவறில்லை, கடனைத் திருப்பித் தர வேண்டும் என்று தீர்ப்பானது.

இந்தக் கோட்பாட்டுக்கு ஒரு மறுபக்கம் இருக்கிறது. அதைச் சொல்லும் தீர்ப்பு நம் சென்னை உயர் நீதிமன்றத்தில் 1934-ல் எழுதப்பட்டது. கோட்லா வெங்கடசாமி வழக்கு. அந்தக் கம்பெனியின் விதிகளின்படி, பத்திரங்களில் நிர்வாக இயக்குநர், செக்ரட்டரி, செயல் இயக்குநர் என மூன்று பேர் கையெழுத்துப் போட வேண்டும். அடமானப் பத்திரத்தில் செக்ரட்டரியும் செயல் இயக்குநரும் மட்டுமே கையெழுத்துப் போட்டிருந்தார்கள். கடன் கொடுத்தவர் நம்பித்தான் கொடுத்தார். ஆனால், விதிகள் பதிவாளர் அலுவலகத்தில் யாரும் பார்க்கக்கூடிய ஆவணம். பார்த்திருந்தால் ஒரு கையெழுத்து குறைவது தெரிந்திருக்கும். பார்த்தாலும் பார்க்காவிட்டாலும், பார்த்ததாகவே சட்டம் வைத்துக்கொள்ளும். அந்த அடமானம் செல்லவில்லை.

ஆக, வெளியார் பார்க்க முடிந்த விதிகளைப் பார்க்க வேண்டும். பார்க்க முடியாத கூட்டக் குறிப்புகளைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். 1934-ல் இது நியாயமாக இருந்திருக்கலாம். கடைக்காரர் ஒருவர் இன்று ஒரு நாளில் பத்து கம்பெனிகளோடு வியாபாரம் செய்கிறார். ஒவ்வொன்றின் விதிகளையும் எடுத்துப் படித்துவிட்டுத்தான் சரக்கு அனுப்ப வேண்டும் என்பது நடக்கிற காரியமா? பிரிட்டன் 1972 முதலே இந்தச் சுமையைப் படிப்படியாக இறக்கி வைத்துவிட்டது. சிங்கப்பூரும், மலேசியாவின் 2016-ஆம் ஆண்டுச் சட்டமும், இலங்கையின் 2007-ஆம் ஆண்டின் 7-ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டமும், பதிவாளரிடம் ஆவணம் இருக்கிறது என்பதாலேயே வெளியாருக்கு அது தெரியும் என்று கருதக் கூடாது என்கின்றன. 2013-ல் புதுச் சட்டம் எழுதிய இந்தியா மட்டும் அந்த வாய்ப்பைத் தவறவிட்டது.

உள்நிர்வாகக் கோட்பாடு கைகொடுக்காத இன்னொரு இடம், போலிக் கையெழுத்து. 1906-ல் ஒரு கம்பெனி செக்ரட்டரி, இயக்குநர்களின் கையெழுத்தைப் போலியாகப் போட்டு, முத்திரை குத்தி, பங்குச் சான்றிதழ் தயாரித்துக் கடன் வாங்கினார். நம்பிக் கடன் கொடுத்தவர்களுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. போலி ஆவணம் ஆரம்பத்திலிருந்தே வெற்றுக் காகிதம்தான் என்றது பிரிட்டிஷ் பிரபுக்கள் சபை.

பதிமூன்றாயிரம் கோடிக் கேள்வி

2018 பிப்ரவரியில் நாட்டையே உலுக்கிய பஞ்சாப் நேஷனல் வங்கி விவகாரத்தை நாம் வைர வியாபாரிகளின் கதையாகத்தான் நினைவில் வைத்திருக்கிறோம். அதற்குள் இருந்ததும் இதே தோற்ற அதிகாரப் பிரச்சினைதான். மும்பை பிராடி ஹவுஸ் கிளையிலிருந்து, 'இந்தக் கடனுக்கு நாங்கள் பொறுப்பு' என்ற உத்தரவாதக் கடிதங்கள் ஸ்விஃப்ட் வலை வழியாக மற்ற இந்திய வங்கிகளின் வெளிநாட்டுக் கிளைகளுக்குப் போயின. வங்கியின் மையக் கணக்குப் பதிவில் அவை ஏறவில்லை. கிளையில் இருந்த சிலர் அதிகாரம் இல்லாமல் அனுப்பியவை அவை என்பது குற்றச்சாட்டு. தொகை பதிமூன்றாயிரம் கோடி ரூபாயைத் தாண்டியது.

பணம் கொடுத்த வங்கிகள் என்ன சொல்லும்? 'உங்கள் வங்கியின் முகவரியிலிருந்து, உங்கள் வங்கியின் ரகசியக் குறியீட்டோடு செய்தி வந்தது. உள்ளே யார் எந்தப் பொத்தானை அமுக்கினார் என்று நாங்கள் எப்படிப் பார்ப்போம்?' அசைக்க முடியாத வாதம். பஞ்சாப் நேஷனல் வங்கியின் பக்கத்திலும் ஒரு வாதம் இருந்தது: நவரத்தின, வைர இறக்குமதிக்கு 90 நாள்தான் கடன் தவணை என்பது ரிசர்வ் வங்கி விதி. ஓராண்டுத் தவணையோடு வந்த கடிதத்தைப் பார்த்ததும் உங்களுக்கு ஏன் சந்தேகம் வரவில்லை?

கபூர் வழக்கிலும் அவத் வழக்கிலும் கேட்ட அதே கேள்விகள்தான் இவையும். தோற்றத்தைக் காட்டியது யார், சந்தேகம் வர வேண்டிய இடத்தில் எதிர்த்தரப்பு கண்ணை மூடிக்கொண்டதா? கடைசியில் நேர்மையான கடமைகளை நிறைவேற்றுவோம் என்று பஞ்சாப் நேஷனல் வங்கி அறிவித்து, மற்ற வங்கிகளுக்குப் பணம் கொடுத்தது. 2018 மார்ச் 13-ஆம் தேதி ரிசர்வ் வங்கி, இறக்குமதிக் கடனுக்கு இத்தகைய உத்தரவாதக் கடிதங்கள் கொடுப்பதையே நிறுத்திவிட்டது. அதற்கு முன்பு அந்த முறையை ஒழுங்காகப் பயன்படுத்திவந்த இறக்குமதியாளர்கள், செலவு கூடிய வேறு வழிகளைத் தேடிப் போக வேண்டியதாயிற்று.

வங்கிக்கு வெளியே கொடுத்த பணம்

பெரிய வங்கிகள் தங்களுக்குள் பேசித் தீர்த்துக்கொள்ளும். சாதாரண மக்களுக்கு அந்த வசதி கிடையாது. 1978-ல் உச்ச நீதிமன்றம் தீர்த்த ஒரு வழக்கில், ஒரு பெண்மணியின் கணக்கில் போடச் சொல்லி, தெரிந்த வங்கி ஊழியர் ஒருவரிடம் பணமும் செக்கும் கொடுக்கப்பட்டுவந்தன. அவரும் பாஸ் புத்தகத்தில் எழுதிக் கொடுத்தார். பணம் கணக்குக்குப் போகவில்லை. அந்தப் பணத்தை அவர் வங்கி ஊழியர் என்ற முறையில் வாங்கவில்லை, பழக்கத்தின் பேரில் அந்தப் பெண்மணிக்கு உதவுகிறவராக வாங்கினார், ஆகவே ஸ்டேட் வங்கி பொறுப்பல்ல என்றது தீர்ப்பு. அதே ஊழியர் கவுன்டரில் உட்கார்ந்து வாங்கி ரசீது கொடுத்திருந்தால் கதை வேறாகியிருக்கும்.

பெயர்ப் பலகையும் சில நேரம் ஏமாற்றும். கேஸ் ஏஜென்சியின் வாசலில் எண்ணெய் நிறுவனத்தின் பெயர்தான் பெரிதாக இருக்கும். விநியோகஸ்தர் செய்த குறைக்கு இந்தியன் ஆயில் பொறுப்பா என்று கேரளத்திலிருந்து வந்த வழக்கில், இருவருக்கும் இடையே இருப்பது ஏஜென்ட் உறவு அல்ல, தனித்தனி வியாபாரிகளின் உறவுதான் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்த ஒப்பந்தத்தை வாடிக்கையாளர் யாரும் பார்த்திருக்க வாய்ப்பில்லை. நிறுவனத்தின் பெயரையும் நிறத்தையும் சின்னத்தையும் நம்பித்தான் அவர் உள்ளே போகிறார். எல்.ஐ.சி. சம்பளச் சேமிப்பு வழக்கில் காட்டிய பரிவை நீதிமன்றங்கள் இந்த இடத்திலும் காட்டியிருக்கலாம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

வீடு வாங்குகிறவர்களுக்கு மட்டும் சட்டம் கொஞ்சம் தெம்பு கொடுத்திருக்கிறது. 2016-ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தின் 12-ஆம் பிரிவின்படி, விளம்பரத்திலோ பிரசுரத்திலோ சொன்னது பொய்யானால், அதை நம்பிப் பணம் கட்டி நஷ்டப்பட்டவருக்கு பில்டர் ஈடுசெய்ய வேண்டும். 13-ஆம் பிரிவின்படி, எழுத்துப்பூர்வ விற்பனை ஒப்பந்தத்தைப் பதிவு செய்யாமல் விலையில் பத்து சதவீதத்துக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது. ஆனால், 'கார் பார்க்கிங் ஃப்ரீ சார்' என்று சேல்ஸ் எக்ஸிக்யூட்டிவ் வாய்மொழியாகச் சொன்னதை நிரூபிப்பது கடினம். பிரசுரத்தை, வாட்ஸ்அப் செய்தியை, மின்னஞ்சலை அழிக்காமல் வைத்திருப்பவருக்குத்தான் பிடி கிடைக்கும்.

'இவர் எங்கள் நிறுவனத்தில் இல்லை'

தினசரிகளின் உள்பக்கத்தில் வரும் 'பொது அறிவிப்பு' கட்டங்களைப் பார்த்திருப்பீர்கள். பாஸ்போர்ட் அளவுப் படம், கீழே நாலு வரி: 'மேற்படி நபர் இன்ன தேதி முதல் எங்கள் நிறுவனத்தில் பணியில் இல்லை. அவரோடு யாரும் கொடுக்கல் வாங்கல் வைத்துக்கொள்ள வேண்டாம். மீறினால் நிறுவனம் பொறுப்பாகாது.' படிப்பவர்களுக்கு அது ஓர் ஆளை அவமானப்படுத்தும் செயலாகத் தோன்றலாம். கம்பெனிக்கோ அது ஒரு கேடயம். நேற்றுவரை வசூலுக்கு அனுப்பிய ஆளை இன்று நிறுத்திவிட்டேன் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டால் போதாது. கடைக்காரருக்குத் தெரிய வேண்டும். தெரியாமல் அவர் பழைய ஆளிடமே பாக்கியைக் கொடுத்துவிட்டால், ஒப்பந்தச் சட்டத்தின் 208-ஆம் பிரிவு கடைக்காரர் பக்கம் நிற்கும்.

கூட்டு வியாபாரத்தில் இது கட்டாயமே. 1932-ஆம் ஆண்டின் கூட்டாண்மைச் சட்டத்தின் 72-ஆம் பிரிவின்படி, பதிவு பெற்ற கூட்டாண்மையிலிருந்து ஒரு பங்காளி விலகினால் அரசிதழிலும், அந்த மாவட்டத்தில் புழங்கும் குறைந்தது ஒரு வட்டார மொழி நாளிதழிலும் அறிவிப்பு வர வேண்டும். வட்டார மொழி என்று சட்டம் எழுதியவர்கள் நினைத்துப் பார்த்தது ஆங்கிலம் தெரியாத கடைக்காரரைத்தான். ஆள் விலகியதை அறிவிக்கும் விஷயத்தில் அந்த அக்கறை கம்பெனிகள் சட்டத்தில் இல்லை.

இவற்றில் எந்தப் பாதுகாப்பும் வேலைக்கு ஆள் எடுக்கும் மோசடிக்கு உதவாது. பிரபல கம்பெனியின் பெயரில் போலி மின்னஞ்சல், போலி இண்டர்வியூ, 'செக்யூரிட்டி டெபாசிட்' என்று பணம். இங்கே கம்பெனி எந்தத் தோற்றத்தையும் காட்டவில்லை. அது பொறுப்பேற்காது. இளைஞர்கள் போகவேண்டிய இடம் சைபர் குற்றப் பிரிவின் 1930 எண்தான்.

[பெட்டி]
அரசு என்றால் கணக்கு வேறு

கம்பெனியிடம் எடுபடும் தோற்ற வாதம் அரசிடம் எடுபடாது. அரசின் ஒப்பந்தம் குடியரசுத் தலைவர் அல்லது ஆளுநர் பெயரில், அவர்களால் அதிகாரம் பெற்றவர் கையால், எழுத்தில் இருக்க வேண்டும் என்பது அரசியலமைப்பின் 299-ஆம் பிரிவு.
1943-ல் கிழக்கிந்திய ரயில்வேயின் கோட்டக் கண்காணிப்பாளர் தானியம் வாங்க ஆர்டர் கொடுத்தார். அன்றைய சட்டம் கேட்ட வடிவில் அது இல்லாததால் செல்லாது என்றது உச்ச நீதிமன்றம் (1961).
அதே 1961-ல் மேற்கு வங்க வழக்கொன்றில், முறையான ஒப்பந்தம் இல்லாமலே கட்டிக் கொடுத்த கட்டடத்தை அரசு பயன்படுத்திக்கொண்டதால், ஒப்பந்தச் சட்டத்தின் 70-ஆம் பிரிவின்படி கான்ட்ராக்டருக்குப் பணம் கிடைத்தது.
கோவாவில் மின்கட்டணத்தில் 25 சதவீதத் தள்ளுபடி என்று 1996-ல் வந்த அறிவிக்கைகள் அரசின் அலுவல் விதிகளின்படி பிறப்பிக்கப்படவில்லை. அவற்றை நம்பித் தொழில் செய்த நிறுவனங்களுக்கு உள்நிர்வாகக் கோட்பாடு உதவாது என்றது எம்.ஆர்.எஃப். எதிர் மனோகர் பாரிக்கர் தீர்ப்பு (2010).
[பெட்டி முடிந்தது]

இந்தப் பெட்டியை நம் ஊர் கான்ட்ராக்டர்கள் ஒருமுறைக்கு இரண்டு முறை படிக்க வேண்டும். 'அப்ப்ரூவல் அப்புறம் வாங்கிக்கலாம், நீங்க வேலையை ஆரம்பிங்க' என்று பொறியாளர் வாய்மொழியாகச் சொன்னதை நம்பிக் கூடுதல் வேலை செய்துவிட்டு, பில்லோடு ஆண்டுக்கணக்கில் அலைகிறவர்கள் உண்டு. 70-ஆம் பிரிவு கடைசிக் கைத்தடிதான். அதுவும் அரசு அந்த வேலையை ஏற்றுப் பயன்படுத்தியதை நிரூபித்த பிறகே கிடைக்கும்.

எதைக் கேட்டு வாங்க வேண்டும்?

கம்பெனி விவகார அமைச்சகத்தின் இணையதளத்தில் கம்பெனியின் பெயரையோ 21 இலக்க அடையாள எண்ணையோ போட்டால், அது உயிரோடு இருக்கிறதா, இயக்குநர்கள் யார் யார் என்பது காசில்லாமல் தெரியும். சிறு கட்டணம் கட்டினால் அதன் விதிகளையும் பார்க்கலாம். ஆனால், இயக்குநர் குழுவின் கூட்டக் குறிப்புகள் பொதுப் பார்வைக்கு வருவதில்லை. ஆகவே பெரிய தொகை என்றால், 'இன்னாருக்கு இந்தக் காரியத்துக்கு அதிகாரம் கொடுக்கிறோம்' என்ற தீர்மானத்தின் சான்றிட்ட நகலைக் கம்பெனியிடமே கேளுங்கள். கேட்டால் கோபப்படும் கம்பெனியோடு வியாபாரம் வேண்டாம்.

பணத்தை எப்போதும் கம்பெனியின் பெயரில் உள்ள கணக்குக்கே அனுப்புங்கள். 'என் ஜிபே நம்பருக்குப் போடுங்க, நான் கட்டிடறேன்' என்று கேட்கிற ஆளிடம், அவர் எத்தனை வருடப் பழக்கமாக இருந்தாலும், முடியாது என்று சொல்லுங்கள். பேரர் செக் வேண்டாம். கம்பெனி பெயருக்கு எழுதிக் கோடு போட்ட செக் போதும். எல்.ஐ.சி. இப்போது சில ஏஜென்ட்களுக்குத் தனியே அதிகாரம் கொடுத்து பிரீமியம் வசூலிக்க விட்டிருக்கிறது. அப்படிக் கட்டுகிறவர்கள் கம்ப்யூட்டர் ரசீதைக் கையில் வாங்காமல் நகரக் கூடாது. கம்பெனியின் சொந்த மின்னஞ்சல் முகவரியிலிருந்து வரும் கடிதத்துக்கு லெட்டர்பேடு போன்ற மதிப்பு உண்டு. ஜிமெயில், தனி வாட்ஸ்அப் எண் என்றால், அதே வாக்குறுதியைக் கம்பெனி முகவரியிலிருந்து ஒருமுறை அனுப்பச் சொல்லுங்கள். வாக்குறுதி கம்பெனியிலிருந்துதான் வந்தது என்பதற்கு அந்த ஒரு மின்னஞ்சல் ஆதாரமாகும். ஆனால், அனுப்பியவருக்கு அதிகாரம் இருந்ததா என்ற கேள்வி அதன் பிறகும் எழலாம்.

கம்பெனிகளும் செய்ய வேண்டியது இருக்கிறது. ஒருவருக்குக் கார்டு அச்சடித்துக் கொடுத்து, நாற்காலி போட்டு, ரப்பர் ஸ்டாம்பும் கொடுத்துவிட்டு, 'அவருக்கு அதிகாரம் இல்லை' என்பதை மட்டும் ஆங்கில ஒப்பந்தத்தின் நாற்பதாவது பக்கத்தில் புதைப்பது நேர்மை அல்ல. தன் ஏஜென்ட் எதைச் செய்யலாம், எதைச் செய்யக்கூடாது என்பதை ஒவ்வொரு கிளையிலும், ஒவ்வொரு ரசீதின் பின்பக்கத்திலும், வாடிக்கையாளரின் மொழியில் எழுதிவைப்பதற்கு ஆகும் செலவு மிகச் சிறிது. ஆளைத் தேர்ந்தெடுப்பதும் கண்காணிப்பதும் நீக்குவதும் கம்பெனியின் கையில் இருக்கும்போது, அவரால் வரும் நஷ்டத்தின் பெரும்பங்கையும் கம்பெனிதான் சுமக்க வேண்டும்.

அரசு செய்ய வேண்டியது ஒன்றுதான். பதிவாளரிடம் கிடக்கும் ஆவணத்தை எல்லோரும் படித்ததாகக் கருதும் பழைய விதியை, இலங்கையும் மலேசியாவும் சிங்கப்பூரும் செய்ததுபோல, கம்பெனிகள் சட்டத்தில் ஒரு பிரிவு சேர்த்து நீக்க வேண்டும். நாடாளுமன்றத்தில் அந்தத் திருத்தத்தைக் கேட்க வேண்டியவர்கள் நம் வணிகர் சங்கங்கள். அடுத்த பட்ஜெட் கோரிக்கை மனுவில் ஜி.எஸ்.டி.க்குப் பக்கத்தில் இதையும் ஒரு வரி சேர்த்துக் கொடுங்கள்.